முதல் வெடிக்கு முன் எடுக்க வேண்டிய கணக்கு

கல்குவாரியில் முதல் வெடி வைப்பதற்கு முன்பே, சுற்றியுள்ள வீடு, கிணறு, கோயில், கொட்டகை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் பார்த்துப் பதிவு செய்வதுதான் முன்நிலை ஆய்வு. குவாரி ஓடத் தொடங்கிய பிறகு சுவரில் ஒரு விரிசல் தெரிந்தால், அது வெடியால் வந்தது என்பார் வீட்டுக்காரர். முன்பே இருந்தது என்பார் குத்தகைதாரர். பதிவு இல்லாத இடத்தில் இரண்டில் எதையும் நிரூபிக்க முடியாது. மண் அடிமானம் இறங்கினாலும், வெயிலில் கான்கிரீட் தளம் விரிந்து சுருங்கினாலும் சுவர் விரிசல் விடும். வந்த பிறகு பார்த்து, காரணத்தைப் பிரித்துச் சொல்வது பொறியாளர்களுக்கே கடினம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த ஆய்வுக்குத் தேவை கூடுதல். சங்ககிரி, திருச்செங்கோடு, பரமத்திவேலூர் பக்கங்களில் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கருங்கல் உடைக்கிறார்கள். அங்கேயே பல விவசாயக் குடும்பங்கள் ஊருக்குள் இல்லாமல் அவரவர் தோட்டத்தில் வீடு கட்டி வாழ்கின்றன. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்கின்றன 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள். ஆனால் அவை குடியிருப்பு என்று சொல்வது வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஊர் நத்தத்தையும் வீட்டு மனைகளையும், உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ ஒப்புதல் தந்த மனைப்பிரிவுகளையும்தான். பட்டா நிலத்தில் தனியே நிற்கும் தோட்டத்து வீட்டின் நிலை இதனால் சிக்கலாகிறது. எந்தப் பதிவேட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வீடு ஆய்விலிருந்து விடுபடக்கூடாது.

சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு வரும் கல்குவாரிகளிடம், 50 மீட்டரில் தொடங்கி 500 மீட்டர் வரை படிப்படியாக எல்லை வகுத்து, அதற்குள் இருக்கும் கட்டடங்களைக் கணக்கெடுக்கச் சொல்வது தமிழ்நாட்டில் இப்போது வழக்கமாகியிருக்கிறது. கட்டடம் யாருடையது, எதனால் கட்டியது, வயது என்ன, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பனவெல்லாம் அதில் வர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அந்தப் பட்டியலில் வீடு இருக்கும். அந்த வீட்டின் வடக்குச் சுவரில் ஏற்கெனவே ஓடும் விரிசல் இருக்காது. குறை அங்கேதான்.

முழுமையான ஆய்வு அறை அறையாக நடக்கும். சுவர், தளம், தரை, கதவு ஜன்னல் மூலைகள், லிண்டலுக்கு மேற்பகுதி என ஒவ்வொன்றையும் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அளந்து எழுத வேண்டும். பக்கத்தில் அளவுகோலை வைத்துத் தேதியோடு படம் எடுக்க வேண்டும். விரிசல் இல்லாத சுவரையும் படம் எடுப்பது அவசியம். பிற்பாடு வீட்டுக்காரருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் அந்தப் படம்தான். மண்சாந்தில் கட்டிய பழைய ஓட்டு வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிணற்றை மறந்துவிடுவதே அதிகம் நடக்கிறது. இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளுக்குள்தான் ஓடுகிறது. கிணற்றின் ஆழம், நீர்மட்டம், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடினால் தண்ணீர் வற்றுகிறது, பக்கக் கட்டுமானம் எப்படி இருக்கிறது என்பனவற்றைக் கோடையிலும் மழைக்குப் பிறகும் எழுதிவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளும் உண்டு. பண்ணையின் தினசரி முட்டைக் கணக்கும் கோழி இறப்புக் கணக்கும் ஏற்கெனவே நோட்டில் இருப்பதால், அவற்றின் நகலை ஆய்வறிக்கையோடு சேர்த்துவிடலாம்.

அதிர்வுக்கும் அளவு உண்டு. வெடிக்கும்போது நிலத்தின் துகள்கள் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகின்றன என்று கருவி காட்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, பிறருக்குச் சொந்தமான சாதாரண வீடுகளுக்கு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவாக இருந்தால் உச்ச வரம்பு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. மெதுவான அதிர்வு வீட்டின் இயல்பான ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பதால் அதற்குத்தான் வரம்பு கடுமை. மனித உடலோ 1 மி.மீ. வேகத்தையே உணர்ந்துவிடும். வீட்டில் இருப்பவர் பயந்தார் என்பதும், சுவருக்குச் சேதமில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அந்தப் பயத்தைப் பொய்யென்று தள்ளுவது நியாயமில்லை.

அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த ஆய்வு விதியாகவே இருக்கிறது. அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு, வெடி தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நிறுவனம் தகவல் தர வேண்டும். அவர்கள் கேட்டால் ஆய்வு செய்து, கையெழுத்திட்ட அறிக்கையின் நகலைக் கொடுக்க வேண்டும். அறிக்கையை ஏற்காதவர் தன் மறுப்பை எழுதித் தரலாம். நம் ஊரிலும் வீட்டுக்காரர் கையில் ஒரு நகல் இருக்க வேண்டும். குவாரி அலுவலகப் பீரோவில் மட்டும் கிடக்கும் அறிக்கை அவருக்கு உதவாது.

ஆய்வு முடிந்ததும் அதன் முடிவு வெடி வைக்கும் முறையில் தெரிய வேண்டும். மிக அருகில் இருக்கும் பலவீனமான கட்டடம் எதுவென்று அறிக்கை காட்டிவிடும். முதல் சில வெடிகளின்போது அங்கேயே அதிர்வுமானியை வைத்துப் பார்த்து, ஒரே நொடிப்பிளவில் வெடிக்கும் மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். தூரம் பாதியானால், அதே அதிர்வுக்குள் நிற்க மருந்தைக் கால்பங்காகக் குறைக்க வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. குழி வீட்டுப் பக்கமாக நகர நகர இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். வீடுகளையும் அப்போது மறுபடி பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.