வீட்டில் வீடியோ நின்று நின்று ஓடினால்

வீடு திரும்பியதும் கூரை, தண்ணீர், மின்சாரம் என்றுதான் முதலில் பார்ப்பீர்கள். அவை சரியான பிறகு அடுத்த பிரச்சினை தெரியவரும்: பிள்ளையின் இணையவழி வகுப்பு நடுவில் நின்றுவிடும், ஆசிரியரின் குரல் வெட்டுப்படும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியால் பாடங்களைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு இது சின்ன விடயம் அல்ல. புதிய ரவுட்டர் வாங்கக் காசு செலவழிக்க முன்னர் இதை வாசியுங்கள். பல வீடுகளில் அது தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. வெள்ளநீரோ சேறோ பட்ட ரவுட்டரையும் அதன் சார்ஜரையும் மின்சாரத்தில் செருகிப் பார்க்க வேண்டாம். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். மின்சாரம் தாக்கலாம், தீப்பிடிக்கலாம். சுவரிலுள்ள பிளக் நனைந்திருந்தால் மின் வேலை தெரிந்தவர் பார்த்த பின்னரே பாவியுங்கள்.

இனி, கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பார்ப்போம். வீட்டிலுள்ள மற்ற போன்களில் வை-பையை நிறுத்துங்கள். ஒரு போனை மட்டும் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து அதே வீடியோவைப் போடுங்கள். தடையில்லாமல் ஓடினால் கோளாறு வீட்டுக்குள்தான். அங்கேயும் நின்றால் வெளியில்.

வீட்டுக்குள் என்றால் முதலில் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய லயங்களின் தடித்த கற்சுவர், தகரத் தடுப்பு, இரும்பு அலுமாரி எல்லாம் வை-பையை மறிக்கும். ரவுட்டரைத் தரையில் வைக்காமல் உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். சில ரவுட்டர்களில் வை-பை இரண்டு பெயர்களில் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் பலவீனமாகிவிடும். அடுத்த அறையில் படிக்கும் பிள்ளைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் நல்லது. வகுப்பு நேரத்தில் இன்னொருவரின் போன் சத்தமில்லாமல் படங்களை ஏற்றிக்கொண்டோ செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டோ இருக்கக்கூடும். அதையும் பாருங்கள்.

வெளியில் என்றால், உங்கள் இணைப்பு எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரத்தோட்டை, கம்மடுவை போன்ற மலைப் பகுதிகளில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு, டவருக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மலை நின்றாலே சிக்னல் குறையும். ஒவ்வொரு ஜன்னலாக ரவுட்டரை வைத்து, சில நிமிடம் பொறுத்து, சிக்னல் விளக்குகளைப் பாருங்கள். ஓரிரு அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியலாம். டேட்டா பக்கேஜ் முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய செப்புக் கம்பி இணைப்பில் தொலைபேசியை எடுத்ததும் கரகரவென்று இரைந்தால், எங்கோ கம்பி இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வயர் அறுந்தோ மடங்கியோ இருக்கலாம். இவை நீங்கள் திருத்தக்கூடியவை அல்ல. எஸ்.எல்.டி. இணைப்பு என்றால் 1212க்கு அழைத்து முறையிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் தேவையைக் குறைக்கலாம். யூடியூபில் 1080 தரத்துக்குச் சுமார் 5 மெகாபிட் வேகம் வேண்டும், 360க்கு 0.7 போதும். கணக்குப் பாடத்துக்கு 360 தாராளம் என்பது எங்கள் அபிப்பிராயம். கரும்பலகை எழுத்து தெரியாவிட்டால் மட்டும் 480க்கு மாற்றுங்கள். டேட்டாவும் மிஞ்சும்: ஒரு மணி நேரத்துக்கு 1080 தரத்தில் 2 ஜிபிக்கு மேல் போகும், 360இல் சுமார் 300 எம்பிதான். நேரடி வகுப்பில் பிள்ளையின் கமராவை நிறுத்தி வையுங்கள், குரல் சீராகும். மாலையில் எல்லோரும் பாவிக்கும்போது வேகம் குறையும் என்பதால், பதிவு செய்த பாடங்களை அதிகாலையில் இறக்கி வைப்பது நல்லது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு.

கடும் மழை இரவுகளில் வை-பையை நம்பியிருக்க வேண்டாம். மின்சாரம் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். போனில் சார்ஜும் கொஞ்சம் ரீலோடும் வைத்திருங்கள், பற்றரி ரேடியோ இருந்தால் இன்னும் நல்லது. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.