மரத்தடியில் அழுகும் பனம்பழம்

பழனி மலைக்கும் சிறுமலைக்கும் கீழே வேடசந்தூர், சாணார்பட்டி, நத்தம் என விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் மறித்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருப்பது. அந்த வறட்சியிலும் வரப்பிலும் குளத்துக்கரையிலும் நீர் ஊற்றுவார் இன்றி நிற்கும் பனை, ஒரே காயை நுங்கு, பழம், கிழங்கு என்று மூன்று உணவாகத் தருகிறது.

கோடையில் சாலையோரங்களில் சீவித் தரப்படும் நுங்கு, முற்றாத பனங்காயின் விதைக்குள் இருக்கும் இளம்பருப்பு ஆகும். கொத்தவரை விதையின் பசையிலும் காணப்படும் காலக்டோமன்னன் என்ற கூட்டுச்சர்க்கரை நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அது வழுவழுப்பாக இருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீரே என்பதால், வெயிலில் உடல் இழந்த நீரை ஈடுசெய்ய உதவுமே தவிர, சத்துக்களின் களஞ்சியமாக அதைப் புகழ்வது மிகை. துவர்ப்பான மேல்தோலோடு தின்றால் வயிற்றுப்போக்கு கட்டுப்படும் என்பதும், நுங்கு நீரைத் தடவினால் வியர்க்குரு தணியும் என்பதும் நாட்டு மருத்துவ வழக்குகள்.

உண்மையில் சத்து மிகுந்தது, ஆவணி வாக்கில் கறுத்துப் பழுத்துத் தானாக விழும் பனம்பழமே. ஆனால் பெரும்பாலும் மரத்தடியில் அழுகுவதும் அதுதான். நார்களுக்கிடையே உள்ள அதன் மஞ்சள் சதைக்கு நிறம் தருபவை கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள். அவற்றுள் ஒன்றான பீட்டா கரோட்டினை உடல், கண்பார்வைக்குத் தேவையான வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. இத்தனை இருந்தும் பழம் ஒதுக்கப்படுவதற்கு அதன் கசப்பு ஒரு காரணம். இக்கசப்பு, நீரில் நுரைக்கும் தன்மையுள்ள சபோனின் வகையைச் சேர்ந்த ஃபிளாபெல்லிஃபெரின்களால் வருவது என்பதை இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர். சுண்டெலிகளின் குடல் குளுக்கோஸை உறிஞ்சுவதை அவை குறைப்பதாகவும் கண்டனர். ஆனால் சுண்டெலியில் கண்டதை வைத்து நீரிழிவு நோயாளி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. பழத்தில் சர்க்கரையும் உண்டு. பழத்தை வீணாக்காத வழி யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும்: சதையைப் பிழிந்து பாயில் பரப்பி, வெயிலில் அடுக்கடுக்காக உலர்த்திப் பனாட்டு ஆக்கிச் சேமிப்பார்கள். இங்கோ சுட்டுச் சப்பும் பழக்கமும் அருகிவிட்டது.

பழத்தின் கொட்டைகளை மணல்மேட்டில் புதைத்துவைத்தால் பொங்கல் வாக்கில் கிழங்கு எடுக்கலாம். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் நிறைந்த அதை மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்தே உண்பது மரபு. வேகவைக்காமல் உலர்த்திய கிழங்கின் மாவு ஆய்வக எலிகளுக்கு நச்சாக அமைந்ததை 1970களில் இலங்கை ஆய்வுகள் பதிவு செய்திருப்பதால், இம்மரபைக் கைவிடாதிருப்பதே நல்லது.

நுங்குக்காக வெட்டிய குலையில் பழம் இல்லை, கொட்டையும் இல்லை. 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்த 76 லட்சம் பனை விதைகளும், இவ்வாறு வெட்டப்படாமல் பழுத்த காய்களிலிருந்தே வரவேண்டியவை. விதைத்தவற்றுள் எது பெண்பனை, எது காய்க்காத ஆண்பனை என்பதும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பாளை விடும்போதுதான் தெரியும்.