செசாரின் உருவம் பொறித்த காசு

வரி கொடுப்பது முறையா என்று சூழ்ச்சியாக வினவியோரிடம், "ஒரு நாணயத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டார் நம் ஆண்டவர். அந்தக் காசு எத்தகையது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அது 'தெனாரியம்' என்னும் உரோமை வெள்ளிக்காசு. எடை ஏறத்தாழ 3.8 கிராம், கூலியாள் ஒருவரின் ஒருநாள் ஊதியம். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுவின் காசாகவே அது இருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒருபுறம் பேரரசரின் தலை; அதனைச் சுற்றி, தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்று பொருள்படும் இலத்தீன் எழுத்துக்கள். மறுபுறம் 'தலைமைக் குரு' என்ற பட்டம்! தன்னைத் தெய்வ மகனென அறிவித்துக்கொண்ட மன்னனின் முகத்தையன்றோ இறைமகன் முன் நீட்டினார்கள்!

இக்காசைக் காண நாம் உரோமைக்குச் செல்ல வேண்டுவதில்லை. மிளகிற்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்த அகுஸ்து, திபேரியு காசுகள் கோவை, கரூர் வட்டாரங்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உரோமைக் காசுகள் பல பாதுகாக்கப்படுகின்றன.

காசு சேகரிக்கும் நம் இளைஞர்க்கு ஒரு சொல். 'வரிக்காசு' என்ற பெயராலேயே இதன் விலை ஏறிவிட்டது, போலிகளும் உலவுகின்றன. நிலத்தில் புதையலாகக் கிடைத்தால், புளியிட்டுத் தேய்க்கவோ தட்டாரிடம் கொடுத்து உருக்கவோ வேண்டா. எந்த இடத்தில், எந்தக் கலயத்தில், எத்தனை காசுகளுடன் கிடைத்தது என்பதே ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும்.