மாறும் வேகமும் உழைப்பின் அளவும்

வீரமுனை வயல்களுக்கு வாய்க்கால் நீர் பாயும் காலத்தில், மதகு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பதை மட்டும் கொண்டு ஒரு வயல் பெற்ற நீரை எவரும் கணிப்பதில்லை. முழுதும் திறந்த மதகும் கால்வாசி திறந்த மதகும் ஒன்றல்ல என்பது வட்டவிதானைக்குச் சொல்லித்தர வேண்டிய செய்தியன்று. ஆயினும் கணினியின் உழைப்பை அளப்பதில் இத்தவறு நெடுநாள் நிலவியது.

கணினியின் நுண்செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு இயைந்து தொழிற்படுகின்றது. முன்னாளில் அத்துடிப்பின் மீடிறன் மாறாதிருந்தமையால், ஒரு செக்கனில் எவ்வளவு பங்கு வேலையிற் கழிந்தது என்று பார்த்தலே போதியதாயிற்று. பின்னர் மின்வலுவைச் சிக்கனப்படுத்தும் தேவை எழுந்தது. செலவாகும் வலு மீடிறனோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடிக் குறைவது. மீடிறனைத் தாழ்த்தினால் மின்னழுத்தத்தையும் தாழ்த்தலாம். 2000 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 'ஸ்பீட்ஸ்டெப்' முறை மடிக்கணினிகளில் இதனைச் செய்தது. 2008 இல் வந்த 'டேர்போ பூஸ்ட்' முறையோ, குறித்த மீடிறனையும் தாண்டி ஓட வழிசெய்தது.

2.4 கிகாஹேட்ஸ் எனக் குறிக்கப்பட்ட நுண்செயலியொன்று 0.8 கிகாஹேட்ஸில் ஓடி, நேரத்தில் 60 வீதம் வேலை செய்கின்றது எனக் கொள்வோம். பழைய கணக்கு 60 என்றே காட்டும். வேகம் மூன்றிலொன்றாதலின் உண்மை உழைப்பு 20 வீதமே. இஃது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. பாடசாலைக் கணினிக்கூடத்தில் அந்த 60 ஐக் கண்டவர், இயந்திரம் போதாதென்று கருதிப் புதியது வாங்கப் பணம் தேடுவார். உள்ளதன் வலுவில் ஐந்தில் நான்கு பங்கு பயன்படாமலே கிடக்கும்.

இதற்கு மாற்றாக, நுண்செயலியுள்ளேயே 'எம்பெர்ஃப்', 'ஏபெர்ஃப்' என இரு எண்ணிகள் அமைந்துள்ளன. இரண்டும் அது விழித்திருக்கும்போதே எண்ணுவன. முன்னது மாறாத வீதத்திலும் பின்னது உண்மையில் ஓடும் வீதத்திலும் எண்ணும். பின்னதை முன்னதால் வகுத்து, வேலை செய்த நேரப்பங்கால் பெருக்கினால் உழைப்பின் அளவு கிடைக்கும். 2012 இல் வெளியான விண்டோஸ் 8 இத்தகைய அளவையே கைக்கொண்டது.

அதே நுண்செயலி 3.6 கிகாஹேட்ஸில் ஓடி, நேரத்தில் 80 வீதம் வேலை செய்தால் விடை 120 ஆகும். நூற்றைக் கடந்ததே என்று மருள வேண்டியதில்லை. ஒப்பிடப்படுவது குறித்த மீடிறனேயன்றி உச்ச மீடிறன் அன்று.

இவ்வளவையிலும் ஒரு குறை உண்டு. நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை வாளாவிருக்கும் துடிப்புகளும் வேலையாகவே எண்ணப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிய, நிறைவேறிய கட்டளைகளின் தொகையைத் துடிப்புகளின் தொகையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும்.