தீந்தை விசிறுங் கூடு

மும்மருங்கும் கடல் சூழ்ந்த திருக்கோணமலை நகரில் வாழ்வோர்க்கு இரும்பின் பகை யாதென எடுத்துரைத்தல் வேண்டா. புதிதாய் வாங்கிய துவிச்சக்கர வண்டியின் கைபிடியும், படலையின் பிணைச்சலும் ஓராண்டு நிறையுமுன்னரே செம்மை பூக்கக் காணலாம். 1957ஆம் ஆண்டிற் பிரித்தானியர் கையளித்துச் சென்ற கடற்படைத் தளம் முதலாகத் தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரம் ஈறாக, இக்கரையில் மரமாயினும் இரும்பாயினும் தீந்தைப் பூச்சின்றி நெடுநாள் நில்லாது. ஆதலின், வீட்டின் மோட்டார்க் கொட்டகையில் ஓய்வு நாட்களிலே மாதிரிக் கப்பலுக்கும், பழைய வானொலிப் பெட்டிக்கும், பிள்ளைகளின் மரப்பொம்மைக்கும் நிறந்தீட்டி மகிழ்வோர் இங்கு மலிந்திருத்தல் வியப்பன்று. அவருட் பலர் தூரிகையை விடுத்து விசிறுகருவியையோ, விசிறு தகரக் குப்பியையோ கையாளத் தொடங்கியுள்ளனர். அங்ஙனம் தொடங்கியோர்க்கு இன்றியமையாத ஒன்றே தீந்தை விசிறுங் கூடு.

விசிறுகருவி மருத்துவத்தின் வழித்தோன்றல் என்பதைப் பலர் அறியார். அலன் டெவில்பிஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் தொண்டை நோயாளருக்கு மருந்தினை நுண்டுளியாக்கிச் செலுத்துதற்கு ஒரு கருவி அமைத்தார். அவர் மைந்தர் தோமஸ், அதே தத்துவத்தைக் கொண்டு 1907ஆம் ஆண்டிலே தீந்தை விசிறும் கருவியை ஆக்கினார். 1920களில் நைத்திரோசெலுலோசு அரக்குத் தீந்தை மோட்டார் வண்டிகளுக்கு வந்தபோது, வாரக்கணக்கில் உலர்ந்த பூச்சு மணிக்கணக்கில் உலரலாயிற்று. தகரக் குப்பியில் அடைத்த விசிறு தீந்தையை 1949இல் எட்வேட் சீமோர் ஆக்கினார். ஆக, நோயாளியின் தொண்டைக்குள் மருந்தை இறக்குதற்கு வகுத்த வழியே, இன்று தொழிலாளியின் நெஞ்சுக்குள் தீந்தையை இறக்குதற்கும் வழியாயிற்று. நுண்டுளி எத்துணைச் சிறியதோ அத்துணை ஆழமாக நுரையீரலுட் செல்லும்.

கூடு எதற்கு என்று வினவினால், ‘தூசி படாமல் இருப்பதற்கு’ என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. இவ்விடையிலேதான் கேடு தொடங்குகின்றது. தூசிக்கு அஞ்சியவர் கொட்டகைக் கதவை அடைக்கின்றார், யன்னலைச் சாத்துகின்றார், இடுக்குகளிற் சாக்கைச் செருகுகின்றார். பூச்சு பளிங்குபோல் அமைகின்றது. பூசியவரோ தலைசுற்றி வெளியே வருகின்றார். உண்மையிற் கூடு என்பது தூசியை மறிக்கும் பெட்டியன்று. வளி செல்வதற்கு வகுத்த பாதை. தூசியைத் தடுத்தல் அதன் இரண்டாம் பயனே.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். தின்னர் எனப்படும் கரைப்பான்களிற் பலவற்றில் தொலுயீன் என்னும் திரவம் கலந்துள்ளது. பதினெட்டடி நீளமும் பத்தடி அகலமும் ஒன்பதடி உயரமும் உள்ள கொட்டகையைக் கொள்க. அதன் கொள்ளளவு 1,620 கனவடி. ஏறத்தாழ 46,000 இலீற்றர். அதனுள்ளே ஒருவர் 100 மில்லிலீற்றர் தொலுயீன் ஆவியாகும் அளவுக்கு விசிறுகின்றார். அது சிறு தேநீர்க் குவளை அளவினதே. நமது வெப்பநிலையில் அது ஏறக்குறைய 23 இலீற்றர் ஆவியாக விரியும். கதவடைத்த கொட்டகை முழுதும் அது பரவினால், வளியின் பத்து இலட்சம் பங்கில் 500 பங்கு தொலுயீன் ஆகின்றது. தொழிலாளர் நாடோறும் சுவாசிக்கத்தக்க எல்லையென அமெரிக்கத் தொழிற்சுகாதார அறிஞர் வகுத்ததோ பத்து இலட்சத்தில் 20 பங்கு. உயிருக்கு உடனே இடர் விளைக்கத்தக்கதென அந்நாட்டு ஆய்வு நிலையம் குறித்த அளவு 500. ஒரு மாதிரிக் கப்பலுக்கு மூன்று பூச்சுப் பூசும் அளவிலே இந்நிலை எய்திவிடும்.

தீயின் கணக்கு வேறு. தொலுயீன் ஆவி வளியில் நூற்றுக்கு 1.1 பங்கு சேர்ந்தாலே பற்றும். கொட்டகை முழுதும் அந்நிலை எய்துதல் அரிது. ஆனால், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், ஒன்றரையடி உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு 6 கனவடி, அதாவது 170 இலீற்றர் மட்டுமே. வளியோட்டம் இல்லாத அப்பெட்டிக்குள் ஏறத்தாழ 8 மில்லிலீற்றர் தொலுயீன் ஆவியானால் தீயின் எல்லை வந்துவிடும். ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்றே மிகுந்த அளவு அது! மேலும், இவ்வாவி வளியினும் மும்மடங்கு பாரமானது. நிலத்தை நோக்கி இறங்கி ஊர்ந்து செல்வது. கொட்டகையின் மூலையிற் குளிர்ப்பெட்டியை வைத்திருப்பவர் இதனைச் சிந்தித்தல் நன்று. அப்பெட்டி தானே இயங்கித் தானே நிற்கும்போது அதன் ஆளியில் எழும் சிறுபொறி நிலத்தருகிலேயே எழுகின்றது.

சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை இவ்வூரார் யாவரும் அறிவர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானியர் குண்டுவீசியபோது, விமானமொன்று வீழ்ந்து தாங்கியொன்று எரிந்த வரலாறும் இங்கு வழங்குவதே. கப்பல் உலைகளுக்குரிய கனத்த எண்ணெய் செல்சியசு 60 பாகைக்கு மேற் சூடாகிய பின்னரே பற்றத்தக்க ஆவியை விடும். தொலுயீனோ 4 பாகையிலேயே விடும். அசற்றோன் உறைநிலைக்கும் கீழே விடும். கனத்த எண்ணெயைக் கொளுத்த ஒரு விமானம் வேண்டியிருந்தது. தின்னருக்கு ஓர் ஆளி போதும்.

இனிக் கூட்டின் அமைப்பைக் காண்போம். பெட்டியை நாகத் தகட்டினாற் செய்தல் சாலச் சிறந்தது. ஒட்டுப்பலகையும் கடதாசியட்டையும் தீந்தை ஊறித் தீக்கு இரையாவன. முகம் ஒன்று திறந்திருக்க, அதற்கெதிரே பின்சுவரில் வடிகட்டியும், வடிகட்டியின் பின்னே வளியை இழுக்கும் வெளியேற்றியும், அதிலிருந்து வெளிப்புறம் செல்லும் குழலும் அமைதல் வேண்டும். தொழிற்சாலைக் கூடுகளிலே திறந்த முகத்தின்வழி வளி நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் உட்செல்லுதல் வழக்காறான அளவு. முகம் இரண்டடி அகலமும் ஒன்றரையடி உயரமும் ஆயின் பரப்பு 3 சதுரவடி. ஆகவே நிமிடத்துக்கு 300 கனவடி வளியை இழுத்தல் வேண்டும். விற்பனையாளர் வெளியேற்றியின்மேற் பொறித்துள்ள எண் தடையற்ற வெளியிலே அளந்தது. வடிகட்டியும் குழலின் வளைவுகளும் அதனைப் பாதியாகவும் குறைக்கக்கூடும். ஆதலால் 500 அல்லது 600 எனக் குறித்ததையே வாங்குக. குழல் எட்டங்குல விட்டமாயிருத்தல் நலம். ஒரு வளைவோடு முடிதல் அதனினும் நலம்.

மேற்கூறிய 100 மில்லிலீற்றரை இருபது நிமிடத்தில் விசிறினால், அவ்வேளையில் இக்கூடு 6,000 கனவடி வளியை வெளியே தள்ளியிருக்கும். குழலினுட் செல்லும் வளியிலே தொலுயீன் பத்து இலட்சத்தில் 135 பங்கே இருக்கும். தீயின் எல்லைக்கு எண்பது மடங்கு கீழே. எனினும் அது சுவாசிக்கத்தக்க வளியன்று. ஆகவே பூசுபவரின் தலை என்றும் கூட்டின் முகத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். எட்டாத இடத்துக்கு எட்டிப் பூசத் தலையை உள்ளே நுழைப்போர் கூடு செய்தும் செய்யாதவரே. பொருளைச் சுழல்பீடத்தில் வைத்துத் திருப்பிக்கொண்டால் இத்தொல்லை இல்லை.

வெளியேற்றியின் மோட்டரே யாவற்றினும் கவனத்துக்குரியது. சமையலறைச் சுவரிற் பொருத்தும் எளிய விசிறியின் மோட்டர் ஆவி செல்லும் பாதையின் நடுவிலேயே இருப்பது. அதனை இப்பணிக்குக் கொள்ளுதல் தகாது. நத்தைக்கூடு போன்ற உறையினுள்ளே சக்கரம் சுழல, மோட்டர் உறைக்கு வெளியே நிற்கும் வகையே வேண்டும். சக்கரம் அலுமினியம் போன்ற பொறி எழாத உலோகத்தினதாதல் நன்று. ஆளியைக் கொட்டகைக்கு வெளியே வைக்க. விளக்கைக் கூட்டினுள் தொங்கவிடாது கண்ணாடிக்கு அப்பால் நிறுத்துக. தகட்டுக்கும் கருவிக்கும் புவித்தொடுப்பு உண்டாயின் நிலைமின்னால் எழும் பொறியும் தவிரும். இத்தகைய வெளியேற்றி கிட்டாதவர், அல்லது அதன் விலைக்கு இயலாதவர், நீரிற் கரையும் தீந்தையையே விசிறுதல் தக்கது. பொம்மைக்கும் மாதிரிக் கப்பலுக்கும் அது தாராளமாய்ப் போதும். மினுக்கம் சிறிது குறைவது பெருங்குறையன்று.

வெளியே செல்லும் வளியின் அளவு உள்ளேயும் வருதல் வேண்டும். கதவை முற்றாக அடைத்தால் எத்துணை வலிய வெளியேற்றியும் வாளா சுழலும். கூட்டுக்கு எதிர்ப்புறத்தே, கதவின் கீழ்ப்பாகத்தில், இரண்டு மூன்று சதுரவடித் திறப்பொன்று அமைத்து அதற்கு மெல்லிய துணியிட்டால் வளியும் வரும், தூசியும் நிற்கும். அமைப்பு முடிந்தபின், தீந்தையும் தின்னரும் அருகில் இல்லாத வேளையில், ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக் கூட்டின் முகத்தெங்கும் நகர்த்திப் பார்க்க. புகை எவ்விடத்தும் தயங்காது உள்ளே வளையின் கூடு செவ்வையாக இயங்குகின்றது. ஒரு மூலையிற் சுழன்று வெளியே மீளின் அம்மூலையிற் குறை உண்டு.

குழல்வாயை எத்திசையில் வைப்பது என்பதே திருக்கோணமலையில் தனி ஆராய்ச்சிக்குரியது. நவம்பர் முதல் பெப்புருவரி வரை வடகீழ்த் திசையிலிருந்து வாடை வீசும். மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். ஒரு காலத்துக்கு உகந்த சுவர் மறுகாலத்தில் எதிர்க்காற்றை வாங்கித் தள்ளிய ஆவியைத் திருப்பி அனுப்பிவிடும். பிற்பகலிற் கடற்காற்று வேறு. ஆதலின் குழலைச் சுவரோடு நிறுத்தாது, கூரைக்கு மேலே செங்குத்தாக உயர்த்தி மழைமூடியிடுதலே எக்காலத்துக்கும் பொருந்தும். அயல்வீட்டு யன்னலுக்கு நேரே ஆவி செல்லாமையும் அதனாற் கிட்டும்.

பருவமும் கருதத்தக்கது. கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கின்றது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 85 ஈரப்பதனும் உள்ள நாளில் மூன்று பாகை குளிர்ந்தாலே நீராவி பனியாய்ப் படிந்து அரக்குத் தீந்தை பால்போல் வெளுத்துவிடும். மார்கழி மழையில் நேரும் இக்குறைக்குத் தீந்தை விற்றவரை நோவதிற் பயனில்லை. கச்சான் வீசும் பிற்பகலிலோ பத்துப் பாகை குளிர்ந்தாலும் பனி படியாது. ஆயினும் அவ்வறண்ட காற்றில் துளிகள் பொருளைச் சேருமுன்னரே உலர்ந்து மணல்போற் சொரசொரக்கும். அப்போது மெல்ல உலரும் தின்னர் வேண்டும். தூசி அடங்க நிலத்தில் நீர் தெளிக்கும் பழைய வழக்கம் கச்சான் காலத்துக்கு நன்று, மாரிக்கு ஆகாது.

வடிகட்டி துளிகளைப் பிடிக்குமேயன்றி ஆவியைப் பிடிக்காது. மூக்கில் துணி கட்டுதலும் அத்தகையதே. ஆவிக்கு உயிர்ப்பூட்டிய கரி அடைத்த முகமூடி வேண்டும். அம்முகமூடியும் போதாத ஒருவகையுண்டு: மோட்டார் வண்டிகளுக்குப் பூசும், வன்மையூட்டி கலந்த இருபகுதித் தீந்தை. அதிலுள்ள ஐசோசயனேற்றுகள் ஒருவரது உடலை ஒருமுறை ஒவ்வாமைக்கு உள்ளாக்கினால், பின்னர் அணுவளவும் கடும் ஈளையை எழுப்பவல்லன. தொழிலகங்களில் அதனைப் பூசுவோர் வெளியிலிருந்து குழாய்வழி வரும் தூய வளியைச் சுவாசித்தே பூசுவர். வீட்டுக் கொட்டகையில் அதற்கு இடமே இல்லை.

ஆளிவிதை எண்ணெய் கலந்த தீந்தை ஊறிய கந்தைகளையும் பழைய வடிகட்டிகளையும் மூலையிற் குவித்தல் ஆகாது. அவை ஒட்சிசனோடு சேர்ந்து தாமே சூடேறிப் பற்றுவன. மூடியுள்ள தகரவாளியில் நீர் ஊற்றி அதனுள் அமிழ்த்திவிடுக. பூச்சு முடிந்ததும் வெளியேற்றியை உடனே நிறுத்திவிடுதலும் பலரது பிழை. பூசிய பொருள் உலரும் நேரமே ஆவி மிகுதியாய் எழும் நேரம். பொருளைக் கூட்டினுள்ளேயே இருத்தி, அரைமணி நேரமேனும் வெளியேற்றியை ஓடவிட்டு, பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் வராதபடி பார்த்துக்கொண்டு, மணம் முற்றும் அடங்கிய பின்னரே ஆளியை மூடுதல் வேண்டும்.