ஓடிக் கொண்டிருக்கும் சி டிரைவுக்கு ஒரு மிரர்

ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போனால் புதியது வாங்கிக் கொள்ளலாம். விண்டோசைப் பதிந்து, டிரைவர்கள், பிரிண்டர், பில் போடும் சாஃப்ட்வேர் என ஒவ்வொன்றாக மீண்டும் அமைப்பதில்தான் இரண்டு நாள் போய்விடும். சி டிரைவுக்கு மிரர் அமைத்துவிட்டால் எழுதப்படும் எல்லாமே இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் பதியும். இதற்காக விண்டோசை அழிக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11 ப்ரோவா என்று முதலில் பாருங்கள். ஹோம் எடிஷனில் டைனமிக் டிஸ்க் வசதி கிடையாது. டைனமிக் டிஸ்க்கைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஆனால் பூட் டிரைவின் மிரருக்கு மட்டும் விலக்கு தந்துள்ளது. பிட்லாக்கர் ஆன் செய்திருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். டைனமிக் டிஸ்க்கில் அது இயங்காது. அதே டிஸ்க்கில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முக்கிய ஃபைல்களை பேக்கப் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'ஆட் மிரர்' கொடுத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. கம்ப்யூட்டரைப் பூட் செய்யும் ஃபைல்கள் சி டிரைவில் இல்லை, இ.எஃப்.ஐ. என்ற சிறிய பார்ட்டிஷனில் இருக்கின்றன. அதை விண்டோஸ் மிரர் செய்வதில்லை. முதல் டிஸ்க் போய்விட்டால், இரண்டாவதில் விண்டோஸ் முழுதாக இருந்தும் பூட் ஆகாது.

எனவே 'ஆட் மிரர்' கொடுப்பதற்கு முன்பே புது டிஸ்க்கில் 'டிஸ்க்பார்ட்' கட்டளை மூலம் அதே அளவில் ஒரு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். டைனமிக் ஆக மாற்றிய பிறகு இதைச் செய்ய முடியாது. டிஸ்க் எண்ணை இரண்டு முறை பார்த்துக் கொள்ளுங்கள். தவறான டிஸ்க்கில் 'கிளீன்' கொடுத்தால் எல்லாம் போச்சு. மீதி காலி இடம் சி டிரைவின் அளவுக்குக் குறையக் கூடாது.

பிறகு 'ஆட் மிரர்' கொடுங்கள். இரண்டு டிஸ்க்குகளையும் டைனமிக் ஆக்கச் சம்மதம் கேட்கும். 'ரீசிங்கிங்' ஓடும்போது நீங்கள் வழக்கம்போல் வேலை செய்யலாம், சற்று மந்தமாக இருக்கும். இடையில் கரண்ட் போனால் மறுபடி ஓட வேண்டியிருக்கும், யு.பி.எஸ். இருப்பது நல்லது.

முடிந்ததும் இரு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன்களுக்கும் டிரைவ் எழுத்து கொடுத்து, 'ரோபோகாப்பி' மூலம் பழையதில் உள்ளவற்றைப் புதியதற்குக் காப்பி செய்யுங்கள். பி.சி.டி. என்ற ஃபைல் மட்டும் பயன்பாட்டில் இருப்பதால் காப்பி ஆகாது. அதை 'பி.சி.டி.எடிட்' கட்டளையின் எக்ஸ்போர்ட் வசதியால் புதிய இடத்தில் அதே பெயரில் சேமிக்க வேண்டும்.

இனி சோதனை. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பூட் மெனுவில் 'செகண்டரி பிளெக்ஸ்' என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்தால் உங்கள் மிரர் உண்மையானது. அந்த நேரத்தில் புதிதாக எதையும் டைப் செய்து சேமிக்காதீர்கள். ஆஃப் செய்து கேபிளை மாட்டியபின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ரீஆக்டிவேட்' கொடுத்தால் மறுபடி ரீசிங்க் ஆகும்.

நீங்கள் அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும்தான் அழியும், வைரஸும் அப்படியே. ஆகவே வெளி டிஸ்க்கில் எடுக்கும் பேக்கப்பை நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒரு முறை டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். 'ஃபெயில்ட் ரிடன்டன்சி' என்று இருந்தால் ஒரு டிஸ்க் போய்விட்டது என்று பொருள். கெட்டதை 'ரிமூவ் மிரர்' மூலம் நீக்கிவிட்டு, புது டிஸ்க்கில் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.