கைத்துப்பாக்கியும் உந்த விதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு அன்றாட அலுவல்களைக் கவனிப்போர் பலர். தற்காப்புக்காகப் பொது இடங்களில் அதை ஏந்திச் செல்வது அரசியல் சட்டம் தரும் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நன்மை தீமைகளை இங்கு நாம் ஆராயப் போவதில்லை. துப்பாக்கி வாங்கச் செல்பவர் அங்கே தவறாமல் எழுப்பும் வினா ஒன்று உண்டு: எந்தக் காலிபர் நல்லது? உந்த அழிவின்மை விதியைக் கற்ற மாணவர் எவரும் இவ்வினாவை ஆராய இயலும்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். .45 என்றால் 0.45 அங்குலம், ஏறத்தாழ 11.4 மி.மீ. ஆனால் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ‘.38 ஸ்பெஷல்’ என்னும் தோட்டாவிலுள்ள குண்டின் விட்டம் உண்மையில் 0.357 அங்குலமே. அதற்கும் 9 மி.மீ. குண்டிற்கும் மயிரிழை வேறுபாடுதான்.

பெரிய குண்டு ஆளை வீழ்த்தும் என்ற நம்பிக்கை பழமையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்கள் .38 குண்டு பட்ட பிறகும் பாய்ந்து வந்தனர் என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் இரு படை அதிகாரிகள் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் கால்நடைகளைச் சுட்டுச் சோதித்து, .45க்குக் குறையாத குண்டே வேண்டுமெனப் பரிந்துரைத்தனர். விலங்குகளின் எண்ணிக்கையும் குறைவு. முடிவுகளும் ஒன்றுக்கொன்று இசையவில்லை. ஆயினும் 1911இல் .45 துப்பாக்கி படையில் சேர்ந்தது.

இப்போது சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 மி.மீ. குண்டின் நிறை சுமார் 8 கிராம். வேகம் விநாடிக்கு 350 மீட்டர். .45 குண்டிற்கு இவை 15 கிராம், 255 மீட்டர். இயக்க ஆற்றல் இரண்டிற்குமே சுமார் 490 ஜூல்! உந்தமோ முறையே 2.8, 3.8 கி.கி. மீ./வி. எழுபது கிலோகிராம் நிறையுள்ள மனிதனின் உடலில் இவ்வுந்தம் முழுவதும் சேர்ந்தாலும் அவன் பெறும் வேகம் விநாடிக்கு 4 அல்லது 5 சென்டிமீட்டர். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் உந்தம் 6.2. அது மார்பில் பட்ட ஆட்டக்காரர் காற்றில் பறப்பதில்லையே! திரைப்படத்தில் குண்டடி பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவது நியூட்டனின் மூன்றாம் விதிக்கு முரணானது. அது நடக்குமானால் சுட்டவரும் அவ்வாறே எறியப்பட வேண்டும்.

அவ்வாறாயின் கொல்வது எது? அந்த ஆற்றல் விரற்கடை அளவேயுள்ள பரப்பில் செயற்பட்டுத் திசுக்களைத் துளைத்துச் செல்கிறது. துளை எங்கே, எவ்வளவு ஆழம் என்பதே முக்கியம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கொள்ளையர் இருவருடன் மோதினர். ஒருவனது கையைத் துளைத்து மார்பினுள் சென்ற 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரு அதிகாரிகள் மாண்டனர். அதன்பின் குண்டுகளை ஜெலட்டின் கட்டியில் சுட்டு, 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்று அளவு வகுத்தனர். ஆற்றல் மிக்க 10 மி.மீ. தோட்டாவுக்கும் மாறிப் பார்த்தனர். அதன் உதைப்பைத் தாங்கிக் குறி பார்க்கப் பலரால் இயலவில்லை. குண்டுகளின் அமைப்பு மேம்பட்ட பின், 2014இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.யே போதும் என்ற முடிவுக்கு வந்தது.

உதைப்புதான் இதில் மறைந்திருக்கும் விலை. குண்டின் உந்தம் எவ்வளவோ அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்கும் கிடைக்கிறது. உந்தம் மாறாதபோது, பின்னோக்கிய இயக்க ஆற்றல் துப்பாக்கியின் நிறைக்கு எதிர் விகிதத்தில் அமையும். 9 மி.மீ. குண்டைச் சுடும் 0.9 கி.கி. துப்பாக்கியின் உதைப்பு ஆற்றல் 4.4 ஜூல். அதே குண்டை அரைக் கிலோத் துப்பாக்கியில் சுட்டால் 7.8 ஜூல். 0.9 கி.கி. துப்பாக்கியில் .45 குண்டைச் சுட்டாலும் கிடைப்பது 8 ஜூல்தான்! வெளியேறும் வாயுக்களின் உந்தத்தையும் சேர்த்தால் இவை இன்னும் கூடும்.

நாள் முழுதும் சுமக்க வேண்டியவர் இலேசான துப்பாக்கியையே நாடுவார். அது கையை அதிகமாக உதைக்கும். குழலின் முனை மேலெழும். இரண்டாவது குண்டு குறி தவற வாய்ப்பு மிகும். தவறிய குண்டு தன் உந்தத்தில் பெரும்பகுதியை இழக்காமல் செல்கிறது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகைகள். எந்தக் காலிபர் குண்டும் அவற்றைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும்.